தலை மாறிய பஞ்சு

தலையணைக்குள் ஈரம் இருந்தது.

வெளியே உறை காய்ந்துதான் இருந்தது. கோடு போட்ட தடித்த துணி. வெயிலில் கிடந்த சூடு இன்னும் அதில் மிச்சம் இருந்தது. ஓரத் தையலைப் பிரித்து, கட்டிப்போன இலவம் பஞ்சைப் பிடி பிடியாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவளின் விரல்கள், நட்ட நடுவில், தலை அழுந்துகிற இடத்தில் சில்லென்று எதையோ தொட்டன. இழுத்துப் பார்த்தாள். ஒரு கைப்பிடிப் பஞ்சு. சுற்றியிருந்ததெல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடக்க, அது மட்டும் பிழிந்து வைத்த துணிபோல் குளிர்ந்திருந்தது. முகர்ந்தாள். டீசல் வாசனை. அதற்கும் அடியில், வியர்வை ஊறிய பழைய துண்டின் வாசனை.

தெரிந்த வாசனைதான். ஆனால் மாதக்கணக்கில் தூங்காத மூளை இருக்கிறதே, அது சொந்த வீட்டு ஆளையே யார் என்று கேட்டுத்தான் உள்ளே விடும். ஈரப் பஞ்சைக் காகிதத்தில் பரப்பி ஓரமாக வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

"என்னடி மோந்து பாக்கற? எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றாள் அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை. கடையில் இவளுக்கு முன்னால் சேர்ந்தவள், அதனால் அக்கா. பழைய மெத்தை, தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை அடித்துத் திரும்பத் தைத்துக் கொடுக்கிற கடை அது. நீளமான ஒரே அறை. ஒரு மூலையில் பஞ்சு அடிக்கும் மெஷின், மறு மூலையில் தையல் மெஷின், நடுவில் இவர்கள் இரண்டு பேர். பஞ்சு பறக்கும் என்று ஃபேன் போடுவதில்லை. தீக்குச்சியை மட்டும் கனவில்கூடக் கிழிக்கக் கூடாது என்பது கடைக்காரரின் கட்டளை.

இன்னொரு கட்டளையும் உண்டு. அது கடைக்காரர் போட்டதல்ல, அவருக்கும் முன்னாலிருந்தே இருப்பது. ஒரு வீட்டுப் பஞ்சு இன்னொரு வீட்டு உறைக்குள் போகக் கூடாது. எந்தத் தலையணையில் எடுத்தோமோ அதிலேயே அடைத்துத் தைக்க வேண்டும். 'தலை மாறக் கூடாது' என்பார்கள். இவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா அதைச் சொல்லிவிட்டாள்.

"முன்னாடி இங்க ஒருத்தன் இருந்தான், சோம்பேறி. ரெண்டு வீட்டுப் பஞ்ச மாத்தி அடைச்சுட்டான். நல்லா தூங்கிட்டிருந்த மனுஷன் அன்னியிலேர்ந்து கண்ணத் தொறந்துகிட்டே கெடந்தாராம். ராத்திரியெல்லாம் உக்காந்தே இருந்த இன்னொரு வீட்டுக் கெழவர் கொறட்டை விட்டாராம். தலை படுற எடத்துல தூக்கம் எறங்கி ஒட்டிக்கும்டி. பஞ்சு மாறினா தூக்கமும் மாறிடும்."

அன்றைக்கு இவள் சிரித்தாள். அப்போது இவளுக்குத் தூக்கம் இருந்தது, புருஷனும் இருந்தான்.

இப்போது இரண்டும் இல்லை. டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதுவார், மாத்திரை தீர்ந்தால் மறுபடியும் டாக்டர். அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆகவே அக்காவின் வாய்தான் அவளுக்கு மருந்துக் கடை. சூடான பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடித்துப் பார்த்தாள். மிச்சப் பாலைக் குடித்த மகள் சிட்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள், இவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தபோது வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். சுடுதண்ணீரில் கால் வைத்தாள், மத்தியானத்துக்கு மேல் டீயைத் தொடாமல் இருந்தாள், கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள், போனில் மழைச் சத்தம் போட்டுக் கேட்டாள். போன் சார்ஜ் இறங்கித் தூங்கிப்போனது. நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னாள் அக்கா. பூஜ்யம் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி நூறுக்குப் போனாள்.

ஒவ்வொரு தடவையும் கண் செருகிக்கொண்டு வரும் நேரத்தில் அந்த போன்தான் காதில் விழும். புருஷன் கடைசியாகப் பேசிய போன். பார்சல் லாரி ஓட்டினான் அவன். தொடர்ந்து மூன்றாவது ட்ரிப், நடுவில் ஒரு மணி நேரம்கூடத் தலை சாய்க்க விடவில்லை. "கண்ணு சொருகுதுன்னு மொதலாளிகிட்ட சொன்னேன். 'இன்னும் கொஞ்ச தூரம்தான், ஓட்டு'ங்கறார். ஈரத் துண்டக் கழுத்துல போட்டுகிட்டு ஓட்டறேன், நீ படு" என்றான். அவள் படுத்தாள். தூங்கியும் போனாள். விடிவதற்குள் லாரி பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே கிடந்தது.

அதோடு விட்டாரா அந்த முதலாளி? 'குடிச்சுட்டு ஓட்டினான்' என்று எழுதிக் கொடுத்தார். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷனைப் பற்றி. அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் அவள் அவர் வீட்டு கேட்டில் போய் நின்றாள். 'ஐயா தூங்கறார்' என்றார்கள். உச்சி வெயிலில் நின்றாள். ஜன்னல் வழியாகக் குறட்டை வந்துகொண்டே இருந்தது. சீரான, நிம்மதியான, வயிறு நிறைந்த குறட்டை. சாயங்காலம் வரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாள். அவரை 'அவர்' என்று சொல்லக்கூட அன்றிலிருந்து அவளுக்கு வாய் கூசும். ஊர் சொல்கிறது, நாமும் சொல்லித் தொலைப்போம்.

இவள் இப்போது பிரித்துப் போட்டிருக்கும் தலையணை அந்த வீட்டுடையது.

காலையில் முதலாளி வீட்டுச் சமையல்காரம்மா அதை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நின்று பேசிவிட்டுப் போனாள். "ஐயா படுத்தா கட்டைதான். இடி விழுந்தாலும் தெரியாது. ஆனா கொஞ்ச நாளா எந்திரிக்கும்போது பின்கழுத்து நனைஞ்சு கெடக்கு. பஞ்சு சூடாக்குது போலன்னு அம்மா அடிச்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

கட்டைபோல் தூங்குகிறாராம். என் வீட்டுத் தூக்கத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போய் அங்கே ஒருத்தன் தூங்குகிறான் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அக்கா சொன்ன கதை ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வரும்போது தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னுதையும் அடிச்சுக்கறேன்க்கா. பஞ்சு கட்டிக்கட்டியா போச்சு."

"அடிச்சுக்கோ. அப்படியாவது தூக்கம் வருதா பாப்போம்" என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

இரண்டு குவியல்கள். மெஷின் இரைந்தது, பஞ்சு வெள்ளை வெள்ளையாகப் பறந்து அவள் புருவத்திலும் உதட்டிலும் ஒட்டியது. தன் பஞ்சை முதலாளியின் உறைக்குள் திணித்தாள். அழுது அழுது புரண்ட பஞ்சு. படு, நீயும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படு என்று ஒவ்வொரு பிடிக்கும் சொல்லிக்கொண்டே திணித்தாள். கோணி ஊசியால் வாயை இறுக்கித் தைத்தாள். பிறகு அவருடைய பஞ்சைத் தன் உறையில் அடைத்தாள். காகிதத்தில் பரப்பியிருந்த அந்தக் கைப்பிடிப் பஞ்சு ஒரு நாள் முழுக்கக் கிடந்தும் காயவில்லை. அதையும் விட மனசில்லாமல் நடுவில் வைத்தாள். அவருடையது ஒரு துளிகூட அவருக்குத் திரும்பக் கூடாது.

அன்று ராத்திரி தலை வைத்ததுதான் தெரியும்.

தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். கிணற்றில் கல்லைப் போட்டதுபோல் இறங்கினாள். அடியில் ஒரு ரோடு இருந்தது. லாரியின் முன்கண்ணாடி, அதற்கு அப்பால் விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாக ஓடி வருகிற தார் ரோடு, காலுக்கடியில் அதிரும் இன்ஜின், டாஷ்போர்டில் தொங்கி ஆடும் சாவிக்கொத்து. அவள் கிளீனர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். இடது கட்டை விரலில் வெட்டுத் தழும்பு. அவள் புருஷன். கழுத்தில் ஈரத் துண்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாவிட்டால் என்ன, பக்கத்தில் இருக்கிறானே, அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

காலையில் எழுந்தபோது பின்கழுத்து நனைந்திருந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டாள்.

கன்னம் தேறியது. கண்ணுக்குக் கீழே கறுப்பு குறைந்தது. "எந்த வைத்தியம்டி வேலை செஞ்சுது?" என்று அக்கா கேட்டபோது, "ஜாதிக்காய்தான்க்கா" என்று சொல்லிவிட்டாள். இதற்கிடையில் சமையல்காரம்மா வேறு மெத்தையோடு வந்தாள். ஐயாவுக்கு இப்போதெல்லாம் பொட்டுத் தூக்கமில்லையாம். ராத்திரியெல்லாம் வீடு முழுக்க நடக்கிறாராம். வராத டாக்டர் இல்லையாம். "அப்படியா, பாவம்" என்று இவள் சொன்னாள். உள்ளுக்குள் பாயசம் குடித்ததுபோல் இருந்தது. நட, இன்னும் நட.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிவிடும்போது சிட்டு சொன்னாள்.

"அம்மா, நீ தூக்கத்துல ஆம்பள மாதிரி பேசற."

"என்ன பேசினேன்?"

"'ஓட்டு'ன்னே. எனக்கு பயமா இருந்துச்சு."

சீப்பு நடு வகிட்டில் நின்றது.

அன்று ராத்திரி அவள் கவனமாகக் கேட்டாள். கனவில் கவனமாக இருக்க முடியுமா என்றால், அந்தத் தூக்கத்தில் முடிந்தது. இன்ஜின் இரைச்சலுக்கு மேல் புருஷனின் குரல் வந்தது. களைத்து, நாக்கு தடித்து, கெஞ்சுகிற குரல்.

"மொதலாளி. தூக்கம் வருது மொதலாளி."

நான்தான், நான்தாங்க, திரும்பிப் பாருங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு குரல். தடித்த, வயிறு நிறைந்த, அவசரமில்லாத குரல்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான். ஓட்டு."

புருஷன் தலையாட்டினான். பணிவாக இல்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்த பதில் கிடைத்தவன்போல். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியது. ரோட்டின் கடைசியில், விளக்கு எட்டாத இடத்தில், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு சுவர் இலேசாகத் தெரிந்தது.

பாலம்.

அலறிக்கொண்டு எழுந்தாள். கழுத்திலிருந்து தண்ணீர் ஓடி முதுகெல்லாம் நனைந்திருந்தது. அப்போதுதான் அந்த வாசனை எது என்று மூளைக்கு எட்டியது. டீசலும், பழைய துண்டும். அவனுடைய துண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் துவைத்துக் காயப்போட்ட துண்டு.

எல்லாம் புரிந்தது. அவன் தன் முதலாளியைத் தேடி வந்திருந்தான். அந்தத் தலையணையில் தலை வைக்கிற ஆளை ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்தில் ஏற்றி உட்கார வைத்து, பாலத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிக்கொண்டிருந்தான். இன்னும் சில ராத்திரிகள் விட்டிருந்தால் அவனே முடித்திருப்பான். இவள் நடுவில் புகுந்து அந்த ஆளைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டுத் தான் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காதவனுக்கு அந்தச் சீட்டில் இருப்பது யாரானாலும் முதலாளிதான். பழி வாங்குகிறேன் பேர்வழி என்று போய்ப் பழிகாரனுக்கே உயிர்ப்பிச்சை போட்டிருக்கிறாள். தன்னை நினைத்து அவளுக்கே காறித் துப்பலாம் போலிருந்தது.

விடிந்ததும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனாள். 'பஞ்சு மாறிப்போச்சு, இதுதான் உங்களுது' என்று கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். மீதியை அவள் புருஷன் பார்த்துக்கொள்வான்.

இந்தத் தடவை கேட்டில் யாரும் தடுக்கவில்லை. முதலாளி வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. தாடி வளர்ந்து, கன்னம் தொங்கிப்போயிருந்தது. அவள் யாரென்று பார்த்தார், அவள் கையில் இருப்பதைப் பார்த்தார், அதன் ஓரத்தில் கசிந்திருந்த ஈரத்தைப் பார்த்தார். 

பிறகு, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"பாலம் வந்துடுச்சா?"

 தலையணையை நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு வேணாம். தலகாணியே வேணாம். தூக்கம் வரலன்னு இவங்கல்லாம் அழறாங்க. வரவே வேணாம். நான் இப்படியே உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நீ நல்லா இரும்மா."

வாழ்த்துகிறார்! தலையணையை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள்.

சரி, எரித்துவிடுவது என்று முடிவு செய்தாள். அந்தப் பஞ்சு இல்லாவிட்டால் பழையபடி தூக்கம் வராது. வராமல் போகட்டும். சிட்டுவுக்கு இருப்பது ஒரே ஒரு அம்மா. அவள் பாலத்துக்குப் போக முடியாது. கடையில் வந்து உறையைப் பிரித்து, பஞ்சு முழுவதையும் ஒரு சாக்கில் கொட்டினாள். ஈரம் இப்போது ஒரு கைப்பிடி இல்லை, பாதிப் பஞ்சு நனைந்திருந்தது. கடையில் தீ வைக்க முடியாது. சாயங்காலம் குப்பைமேட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பின்கட்டு வெயிலில் சாக்கைத் திறந்து வைத்தாள்.

"என்னது அது?" என்றாள் அக்கா.

"என் வீட்டுப் பஞ்சுக்கா. குப்பைக்குப் போகுது."

பொய்தான். உண்மையைச் சொன்னால், தலையை மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேலை போய்விடும். 

மத்தியானம் கடைக்காரர், தைத்து முடித்த மெத்தைகளோடு அவளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீடு, மாடி ஏற்ற வேண்டும், உறை மாட்டித் தர வேண்டும். வண்டி குலுங்கிக்கொண்டே போனபோது அவளுக்குக் கண் செருகியது. கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பிறகுதான் யாருடைய வைத்தியம் அது என்று உறைத்தது.

அவள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்து, கடைக்குள் மஞ்சள் வெளிச்சம் படுத்திருந்தது. மெஷின் ஓடவில்லை. அக்கா தரையில் விழுந்திருந்த நூல் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பின்கட்டுக்குப் போனாள். சாக்கு இருந்தது. காலியாக இருந்தது.

"அக்கா. பஞ்சு எங்க?"

அக்கா நிமிர்ந்தாள். நல்ல காரியம் செய்துவிட்டு அதைக் கேட்பதற்காகவே காத்திருந்த முகம்.

"இலவம் பஞ்சுடி. முதல் தரம். அத குப்பைல கொட்டப் பாத்தியே, கை எப்படி வந்துச்சு உனக்கு? லேசா ஈரமா இருந்துச்சு. மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டினேன், பூவா வந்துடுச்சு. கட்டியெல்லாம் கழிச்சது போக ஒரு குட்டித் தலகாணிதான் தேறுச்சு."

"யாருக்குக் குடுத்த?"

"யாருக்குக் குடுப்பேன்? தலை மாறக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" அக்கா சிரித்தாள். "உன் வீட்டுப் பஞ்சு, உன் வீட்டுக்கே போயிடுச்சு. பள்ளிக்கூடம் விட்டு சிட்டு வந்தா. தூங்கி வழிஞ்சா. போய்ப் படுடீன்னு கைல குடுத்து அனுப்பிச்சேன்."

அவள் ஓடினாள்.

செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை. தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. சைக்கிள் ஒன்று மணியடித்து விலகியது. கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். மாடிப்படி. இருட்டு. கைப்பிடி. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

உள்ளே டீசல் வாசனை.

சிட்டு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யூனிஃபார்ம்கூடக் கழற்றவில்லை. கன்னத்துக்கு அடியில், கோடு போட்ட துணியில் புதிதாகத் தைத்த குட்டித் தலையணை. ஒரு குழந்தையின் தலை மட்டும் கொள்கிற அளவு. கழுத்து நனைந்திருந்தது. பின்னல் நனைந்திருந்தது. தலையணையிலிருந்து கசிந்த தண்ணீர் பாயைத் தாண்டித் தரையில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

"சிட்டு. எந்திரி. சிட்டும்மா."

உலுக்கினாள். தூக்கி உட்கார வைத்தாள். தலை தொங்கியது. தலையணையைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். கன்னத்தில் தட்டினாள். அறைந்தாள். கண் இமை அசையவில்லை. இடி விழுந்தாலும் தெரியாத தூக்கம்.

குழந்தையின் உதடு பிரிந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றது அந்தத் தடித்த குரல். "ஓட்டு."

அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அதுதான் அவளுக்குத் தெரியுமே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். பார்க்க மாட்டான். யாராவது போய்ச் சொல்ல வேண்டும். யாராவது நடுவில் போய் நிற்க வேண்டும்.

மூலையில் கிடந்த தலையணையை எடுத்து வந்தாள். பாயில் வைத்தாள். மகளின் தலையை அதில் சாய்த்து, அவளைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த ஓரத்தில், விரல்கடை அகலத்தில், தன் கன்னத்தை வைத்தாள். ஈரம் சில்லென்று காதுக்குள் இறங்கியது. பாலும் எண்ணெயும் எண்ணிக்கையும் கொண்டுவர முடியாத தூக்கம், கூப்பிடாமலே வந்தது.

ரோடு.

இன்ஜின் சத்தம் இருந்தது. ஆனால் காலுக்கடியில் அதிர்வு இல்லை. தார் ரோடு பாதத்தில் சுட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைச் சுவர். கீழே எங்கோ தண்ணீர்.

லாரியில் இருப்பது இரண்டே சீட்.

அவள் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

எதிரே இரண்டு விளக்குகள். பெரிதாகின. முன்கண்ணாடிக்குப் பின்னால் அவன். கழுத்தில் துண்டு. தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் விழித்திருந்தது. பக்கத்துச் சீட்டில் யூனிஃபார்ம். தரை எட்டாத இரண்டு குட்டிக் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் இரண்டு கையையும் விரித்தாள். தூங்காதீங்க. நம்ம சிட்டுங்க. எழுந்திரிங்க. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றது அவள் வாய். "ஓட்டு."

விளக்குகளுக்குப் பின்னால், கவிழ்ந்திருந்த தலை பணிவாக ஆடியது.